நான் எழுதிய பூட்டு

ஊரில் யாராவது என்னிடம் “நீங்க என்னா வேலை பாக்குறீங்க?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால், வீட்டில் பிரிண்டர் ஓடவில்லை, வந்து பார்த்துவிட்டுப் போங்க என்பார்கள். விருத்தாசலத்தில் என் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு கம்பெனிக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். சம்பளமே இல்லாமல் இன்னொரு வேலையும் செய்கிறேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்த இரண்டாவது வேலையால் வந்தது.

அது ஒரு மென்பொருள். கம்ப்யூட்டரின் டிஸ்க் முழுவதையும் பூட்டி வைக்கும். பாஸ்வேர்டு தெரிந்தவருக்குத்தான் திறக்கும். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு வெறும் குப்பைதான் கிடைக்கும். ஓப்பன் சோர்ஸ் என்பதால் நாங்கள் எழுதியதை யாரும் படிக்கலாம், காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், குறை தெரிந்தால் திருத்தி அனுப்பலாம். பல நாட்டு ஆட்கள் வந்து போவார்கள் என்றாலும், தினமும் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒரு கைப்பிடிதான். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. தலைமையில் இருப்பவர் ஒரு குளிர்நாட்டுக்காரர். குழுவில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஆனால் என் மனசுக்குள் அவருக்கு மேஸ்திரி என்றுதான் பெயர். சித்தாள் எத்தனை செங்கல் சுமந்தாலும், கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவது மேஸ்திரிதானே.

எங்கள் குழுவில் இரண்டு சட்டம் உண்டு. ஒருவர் எழுதியதை அவரே மென்பொருளில் சேர்க்க முடியாது. வேறு இரண்டு பேர் வரி வரியாகப் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். இது வாய்ப்பேச்சு இல்லை, இரண்டு ஒப்புதல் விழாமல் சேர்க்கவே முடியாதபடி அமைத்து வைத்திருக்கிறோம். மேஸ்திரிக்கும் அதே கதிதான். இரண்டாவது சட்டம், குறை இருக்கிறது என்று சொன்னால் போதாது, நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் சோதனை மெஷினில் அந்தக் குறை எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் குறையே இல்லை என்று மூடிவிடுவார்கள்.

இரண்டையும் நான் மனசார மதித்தேன். பூட்டு விஷயத்தில் ஒரே ஆளின் கண்ணை நம்பக் கூடாது என்பது நியாயம்தானே. காலையில் சம்பள வேலை தொடங்குவதற்கு முன்னால், மற்றவர்கள் அனுப்பியதைப் படித்துக் குறை நிறை எழுதிவிடுவேன். மேஸ்திரியே ஒருமுறை, “உன்னைப் போல வேகமாகப் படிப்பவர் நம்மிடம் இல்லை” என்று எழுதினார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வேகமாகப் படிப்பவள் அனுப்பியதை யார் படிப்பது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நான் அனுப்பியவை மட்டும் எப்போதும் வரிசையின் கடைசியில் காய்ந்துகொண்டு கிடக்கும்.

இனி என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். அவளைக் கம்மாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாமியார் வீட்டு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகுமா போகாதா என்ற பேச்சு, அவள் கல்யாணப் பந்தியிலேயே ஓடியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தை நம்பி உட்கார முடியாது என்று அந்தக் குடும்பத்தில் முதலில் முடிவு செய்தவள் அவள்தான். தினமும் வண்டியில் விருத்தாசலம் வந்து, செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டை வாடகைக்குப் பிடித்து நடத்த ஆரம்பித்தாள். கொலு பொம்மை, தூபக்கால், ஹோட்டலுக்கு டீ கப் என்று செய்வாள்.

பொம்மையை முதலில் கம்ப்யூட்டரில் அவளே வரைவாள். வெளியூரில் ஒருவர் அதைப் பார்த்து மெஷினில் ஒரு மாதிரி வெட்டி அனுப்புவார். அந்த மாதிரியிலிருந்து பிளாஸ்டர் மோல்டு எடுத்து, களிமண் கரைசலை ஊற்றி, காய வைத்துச் சுடுவார்கள். மோல்டு கொஞ்ச நாளில் தேய்ந்துபோகும், மாதிரியும் உடைந்துபோகும், திரும்ப வரைபடத்துக்குத்தான் வர வேண்டும். சுட்ட பொம்மையிலேயே மோல்டு எடுத்துவிட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “சூளையில மண்ணு சுருங்கும்டி. சுட்டத வெச்சி மோல்டு எடுத்தா அடுத்த புள்ளையாரு ஒரு சுத்து எளைச்சிப் போயிடுவாரு” என்று சிரித்தாள். எந்த மண் எவ்வளவு சுருங்கும் என்று சுட்டுச் சுட்டுப் பார்த்து, அதற்குத் தக்கபடி பெரிதாக்கி வரைந்து வைத்திருந்தாள். வருஷக்கணக்கான வேலை அது. அவளுக்கென்று இருந்த சொத்து அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ யூனிட்டுக்குள் புகுந்து, வேறு எதையும் தொடாமல், டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நகல் ஒன்று வீட்டில் இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் அடுத்த நவராத்திரிக்கு அவள் வரைந்த தசாவதாரம் இன்னொருத்தர் பெயரில் பாதி விலைக்குக் கடைக்கு வந்தது. கண்ணெல்லாம் சிவந்து என் வீட்டுக்கு வந்தாள். “பூட்டற மாதிரி என்னாமோ எழுதறன்னு சொல்லுவியே, அத எனக்குப் போட்டுக் குடுடி” என்றாள்.

எனக்கு அன்று இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற என் மென்பொருளை என் ஊரில் முதன்முதலாக ஒருத்தி கேட்டு வாங்கினாள். புது டிஸ்க்கையும் நகல் டிஸ்க்கையும் பூட்டிக் கொடுத்தேன். வெளியூரில் மாதிரி வெட்டுகிறவர் வேலை முடிந்ததும் வரைபடத்தை அழித்துவிட வேண்டும் என்று அவரிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். நகல் டிஸ்க்கை வீட்டுக்கும் யூனிட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே என்று கம்ப்யூட்டரிலேயே எந்நேரமும் சொருகி வைத்திருந்தாள். திருடினாலும் திறக்க முடியாதே, அப்புறம் என்ன பயம்?

பூட்டிய டிஸ்க்கின் முன்பக்கத்தில் கொஞ்சம் இடம் உண்டு. பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் உண்மையான சாவியை எடுத்துத் தருவதற்கான விவரமெல்லாம் அங்கேதான் இருக்கும். அதை நாங்கள் தலை என்போம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று பக்கத்திலேயே இரண்டாவது தலையும் வைத்திருப்போம். இரண்டு தலையும் போனால் கதை முடிந்தது. பாஸ்வேர்டு மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் ஒன்றும் நடக்காது.

புதிய பதிப்பில் இந்தத் தலையை இன்னும் பலமாக்கி எழுதுவது என்று மேஸ்திரி முடிவு செய்தார். நல்ல முடிவுதான். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, கேட்காமல் கொள்ளாமல், சொருகியிருக்கும் எல்லா டிஸ்க்கிலும் அது தானாக நடக்கும். நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். முதல் தலையை எழுதிவிட்டு, ‘எழுதியாச்சு’ என்று டிஸ்க் சொன்ன பிறகுதானே இரண்டாவதைத் தொடுகிறோம் என்றார். டிஸ்க் பொய் சொன்னால்? மலிவான டிஸ்க்குகள் கையில் வாங்கிக்கொண்டதுமே எழுதியாச்சு என்று சொல்லிவிடும், உண்மையில் இன்னும் எழுதியிருக்காது. அந்த நேரம் கரண்ட் போனால் இரண்டு தலையும் அரைகுறையாக நின்றுவிடும்.

நானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன். ஒரு தலையை மட்டும் புதிதாக எழுதுவோம், அதை வைத்து டிஸ்க் ஒருமுறை ஒழுங்காகத் திறக்கட்டும், அதற்குப் பிறகு இரண்டாவதைத் தொடுவோம் என்பதுதான் அதன் சாரம். புதுச் சாவி பூட்டைத் திறக்கிறதா என்று பார்க்காமல் யாராவது பழைய சாவியைக் கிணற்றில் போடுவார்களா?

நடத்திக் காட்டு என்றார்கள். சோதனை மெஷினில் அது நடக்கவே நடக்காது. அங்கே இருப்பது நிஜ டிஸ்க் இல்லை, டிஸ்க் மாதிரி நடிக்கிற ஒரு நிரல், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் மலிவான டிஸ்க் ஒன்றைப் போட்டு, திரும்பத் திரும்ப ஒயரைப் பிடுங்கி, இரண்டு தலையும் சேர்ந்து கெடுவதைப் படம் பிடித்து அனுப்பினேன். மேஸ்திரியின் பதில் வந்தது: “இது டிஸ்க்கின் குறை. மலிவான டிஸ்க்குகளுக்காக நாம் எழுதவில்லை.” இரண்டாவது ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் அதற்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

எங்கள் ஊரில் அந்த மலிவான டிஸ்க்தான் டிஸ்க், வேறு ஒன்று கடையில் கேட்டால் வரவழைத்துத் தருகிறேன் என்பார்கள் என்று எழுதினேன். அங்கே யுபிஎஸ் கிடையாதா என்று கேட்டார். யுபிஎஸ் இல்லாமல் என்ன, எல்லா ஆபீஸிலும் மேஜைக்கு அடியில் இருக்கிறது. கரண்ட் போனதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் கூடவே போய்விடும். இதையும் எழுதினேன். பதில் இல்லை. என் திருத்தம் வரிசையில் கிடந்தது. அந்த மாதம் முழுக்க மற்றவர்கள் எழுதியதை நான் படித்து ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

பதிப்பு வெளியாகிற நாளை அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரமே சிநேகிதியின் யூனிட்டுக்குப் போய் அப்டேட்டை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று இருந்தேன். மேஸ்திரி மலையேறப் போகிறாராம், விடுமுறை. திரும்பி வந்து செய்வானேன் என்று, சொன்ன நாளுக்கு முன்னாலேயே வெளியிட்டுவிட்டுப் போய்விட்டார். வாழ்த்துச் சொல்லி எல்லோரும் பூவும் பட்டாசுமாகப் படம் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

“நானே பண்ணலாம்னு இருந்தேன்டி. காலையில அப்டேட்டுன்னு கேட்டுச்சி, ரீஸ்டார்ட் குடுத்தேன். பக்கத்து யூனிட்டுல மண்ணு அரைக்கற பால் மில்லு போட்டாங்க, கரண்டு டப்புன்னு போயிடுச்சி. இப்ப கறுப்பா எழுத்து வந்து நிக்கிது. பாஸ்வேர்டு போட்டா தப்புங்குது. நான்தான் தப்பா அடிக்கறனா?”

நான் போனபோது அவளும் அவள் கணவரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். என் முன்னால் இன்னொரு முறை, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். தப்பு என்றது. நகல் டிஸ்க்கைக் கழற்றி, நான் கொண்டுபோன லேப்டாப்பில் சொருகிப் பார்த்தோம். அதுவும் தப்பு என்றது. எங்கள் மென்பொருள் கடமை தவறாதது, சொருகியிருந்த இரண்டு டிஸ்க்கையும் விட்டுவைக்கவில்லை. இரண்டையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து திறந்து பார்த்தேன். இரண்டிலும் இரண்டு தலையும் பாதியோடு நின்றிருந்தன. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவளிடம் சொல்லத் தைரியமில்லாமல் இரண்டு நாள் முட்டிக்கொண்டிருந்தேன்.

சொல்லப் போனபோது அவள் மோல்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முடியாது என்றேன்.

“நீதான எழுதுன?”

“நானும் எழுதனேன்.”

“அப்ப நீயே தொறக்க முடியாதுங்கற.”

“யாராலயும் தொறக்கக் கூடாதுன்னுதான் எழுதியிருக்குது. என்னால முடிஞ்சா திருடனாலயும் முடியும்.”

“திருடன் வந்தப்பகூட என்கிட்ட நகல் இருந்துச்சிடி” என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. அவள் கணவர்தான் என்னைப் பார்த்து, “உக்காருங்க, டீ சொல்றேன்” என்றார். அவர் வீட்டில் நிலமும் போகிற நிலையில் இருக்கிறது, வீட்டுக்காரியின் உழைப்பும் போய்விட்டது, எனக்கு டீ சொல்கிறார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. கூசிப்போய் எழுந்து வந்தேன்.

குழுவில் நடந்ததை எழுதினேன். வருத்தம் என்றார்கள். இதயம் உடைந்த படம் போட்டார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த மேஸ்திரி, கெட்டுப்போன அந்தத் தலைகளை மட்டும் பிரதி எடுத்து அனுப்ப முடியுமா, உரிமையாளரிடம் அனுமதி கேள் என்று எழுதினார். அனுமதி கேட்கிற நாகரிகத்துக்கு மட்டும் அவர்களிடம் குறைச்சல் கிடையாது. அவளிடம் கேட்டேன். “இனிமே அதுல என்னா இருக்குது, எடுத்துக்கோ” என்றாள். அனுப்பினேன். அவர் அதைச் சோதனை மெஷினில் போட்டார். கம்ப்யூட்டர் ஆன் ஆக மறுத்து நின்றது. உடனே எழுதினார்: “அருமை! இப்போது நம்மால் இதை நடத்திக் காட்ட முடிகிறது.”

அருமை என்ற அந்தச் சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதியின் வயிற்றில் விழுந்த அடி அங்கே ஒரு சான்றாகிவிட்டது. நான் சொன்னபோது, படம் பிடித்துக் காட்டியபோது, கெஞ்சியபோது நம்பாதவர்கள், ஒருத்தி நாசமான பிறகு நம்பினார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். கெட்டவர்கள் இல்லை. கரண்ட் போகாத ஊரில் பிறந்தவர்கள், தங்கள் சோதனை மெஷினில் நடக்காதது உலகத்திலும் நடக்காது என்று நிஜமாகவே நம்புகிறவர்கள்.

இரண்டே நாளில் மேஸ்திரி ஒரு திருத்தம் எழுதினார். என் திருத்தம் வரிசையிலேயே கிடக்க, அதே யோசனையை வேறு சொற்களில் புதிதாக எழுதி அவர் பெயரில் அனுப்பினார். கீழே, முதலில் சுட்டிக்காட்டிய இந்தியச் சகாவுக்கு நன்றி என்று ஒரு வரி. கட்டைவிரல்காரர் உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இன்னொன்று வேண்டும். மற்றவர்கள் எல்லாம் விடுமுறையில். மேஸ்திரி எனக்குத் தனியாக எழுதினார்: “நீதான் வேகமாகப் படிப்பவள். இன்றைக்கே பார்த்துத் தர முடியுமா? அவசரம்.”

அவசரமாம். ‘இது டிஸ்க்கின் குறை, மலிவான டிஸ்க்குகளுக்காக நாம் எழுதவில்லை’ என்று அவர் சொன்னதையே பதிலாக அடித்து, அனுப்பாமல் வைத்துவிட்டு எழுந்து போய்ச் சோறு வடித்தேன். நான் ஒப்புதல் தராமல் இழுத்தால் மேஸ்திரிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எங்கேயோ இன்னொருத்தி கம்ப்யூட்டருக்கு ரீஸ்டார்ட் கொடுத்துக்கொண்டிருப்பாள். திரும்பி வந்து, அடித்ததை அழித்துவிட்டு, வரி வரியாகப் படித்தேன்.

ஒழுங்காகவும் எழுதியிருக்கவில்லை மனுஷன். கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்குத்தான் பாதுகாப்புப் போட்டிருந்தார், சொருகியிருக்கும் நகல் டிஸ்க்கை மறந்துவிட்டார். என் திருத்தத்தில் அது இருந்தது, படித்திருந்தால் தெரிந்திருக்கும். சுட்டிக்காட்டியதும் சேர்த்துக்கொண்டார். அடுத்து, சிநேகிதியின் டிஸ்க் தலையை வைத்துப் புதிதாகச் சேர்த்த சோதனைக்கு ‘மலிவு டிஸ்க், இந்தியா’ என்று பெயர் வைத்திருந்தார். மாற்றினால்தான் ஒப்புதல் என்றேன். தவறான நோக்கம் எதுவும் இல்லை, அடையாளத்துக்குத்தான் என்று எழுதினார். நானும் கோபமில்லாமல், மாற்றினால்தான் என்று திரும்ப எழுதினேன். ‘நடுவில் மின்தடை’ என்று மாற்றினார். ஒப்புதல் கொடுத்தேன். அன்றே வெளியானது. மறுபடியும் பூவும் பட்டாசும்.

சிநேகிதி, புதுச்சேரிக் கடை ஒன்று கொடுத்திருந்த கொலு ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள். தேயாத மோல்டு எவையோ அவற்றை வைத்துக் கப்பும் தூபக்காலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சந்தையில் பார்த்த என் வீட்டுக்காரர், ஆறுதலாக இருக்கட்டும் என்று, “அந்தக் கோளாறெல்லாம் சரி பண்ணிட்டாங்களாம்” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. தலையெல்லாம் மண் தூசியோடு யூனிட்டிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. எத்தனையோ நாள் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“சரி பண்ணிட்டியாமே” என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து இரண்டு டிஸ்க்கையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஈரம் படாமல் இருக்க இரண்டையும் தனித்தனியாகப் பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தாள்.

“இது உன்னுத தொறக்கறதுக்கு இல்லடி. இனிமே யாருக்கும் இப்படி ஆவாம இருக்கறதுக்கு” என்றேன்.

“அப்ப என்னுது?”

“உன்னுது போனது போனதுதான்.”

அவள் என்னையும் பார்த்தாள், டிஸ்க்கையும் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் சரி பண்ணிட்ட” என்றாள். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை, புரிந்துகொண்டதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான். டிஸ்க்குகளைத் திரும்பப் பையில் வைக்கப் போனவள், வேண்டாம் என்று தோன்றியதோ என்னவோ, அங்கேயே விட்டுவிட்டு வெறும் பையை மடித்துக்கொண்டாள். காபி போடுகிறேன் இரு என்றேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“போறேன்” என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.